நிற்கிற இடந்தான் வாசல்

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுதவில்லை. ஒருவருடைய பெயரை எடுத்து நாலு பேர் படிக்கிற இடத்தில் வைப்பதென்றால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர் அவர். கேட்பதற்கு இப்போது அவர் புத்தளத்தில் இல்லை. பழைய நம்பருக்கு எடுத்தால் வேறு யாரோ சிங்களத்தில் பதில் சொல்கிறார்கள். அதனால் நாங்கள் எல்லோரும் கூப்பிட்ட மாதிரியே மிஸ் என்று எழுதுகிறேன்.

நான் கருவாட்டு வியாபாரி. படிப்பு அவ்வளவாக இல்லை. ஓதத் தெரியும், கணக்குப் போடத் தெரியும். உச்சமுனைப் பக்கத்து மீன்வாடிகளில் கட்டாக் கருவாடும் அறுக்குளாக் கருவாடும் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறேன். ஒருநாள் கொழும்புக் கம்பனிக்காரர் ஒருவர், "உங்கட ஒபிஸ் எங்க?" என்று கேட்டார். என் ஒபிஸ் என் சட்டைப் பையில் இருந்த போன்தான். அதை அவரிடம் சொல்ல முடியுமா? அப்படித்தான் டவுனில், கடலோரக் களப்பைப் பார்த்த ஒரு மாடியில் அறை எடுத்தேன்.

வெறும் அறை இல்லை அது. மேசை, கதிரை, அலுமாரி, ஏசி, கதவில் என் வியாபாரப் பெயர் எழுதிய பலகை, எல்லாம் கட்டடக்காரரே தருவார். வருஷத்துக்கு எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கூட்டித் துடைப்பதும் தேத்தண்ணியும் கரண்ட் போனால் ஜெனரேட்டரும் வாடகைக்குள் அடக்கம். அந்த மாடியில் அப்படிச் சில அறைகள். ஒன்றில் வெளிநாட்டு வேலை ஏஜென்சி, ஒன்றில் லோயர், ஒன்றில் இறால் வாங்குகிறவர். படியேறி வந்ததும் எல்லா அறைக்கும் பொதுவாக ஒரு மேசை இருக்கும். அதில் மிஸ் இருப்பார்.

எங்கள் எல்லோருடைய டெலிபோனும் அவருடைய மேசையில்தான் அடிக்கும். எந்த லைட் மினுங்குகிறதோ அந்தக் கம்பனியின் பெயரைச் சொல்லி எடுப்பார். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு குரல் வைத்திருந்தார். லோயருக்குக் கொஞ்சம் கனத்த குரல். ஏஜென்சிக்கு எடுப்பவர்கள் பாதிப்பேர் பிள்ளையை அனுப்பிவிட்டு அழுகிற உம்மாமார். அவர்களுக்கு ஆறுதலான குரல். என் கருவாட்டுக்கு ஒரு குரல் வைத்திருந்தார் பாருங்கள், கேட்டால் கப்பல் கம்பனி என்றே நினைப்பீர்கள். "கொஞ்சம் பொறுங்க சேர், அவரிட்டக் கேட்டுச் சொல்றன்" என்பார். நான் உள்ளே சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருப்பேன்.

கேட்டுச் சொல்கிறேன் என்றால் உண்மையாகவே வந்து கேட்பார். அதுதான் அவருடைய குணம். கதவுக்கு வெளியே, ஒரு ஓரமாக, உள்ளே பார்வை போகாத மாதிரி நின்று ஸலாம் சொல்வார். பதில் வராவிட்டால் கொஞ்சம் விட்டு இரண்டாவது தடவை. பிறகு மூன்றாவது தடவை. அதற்கும் பதில் இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவார். ஒருவருடைய வாசலில் மூன்று தடவை அனுமதி கேட்டும் பதில் கிடைக்காவிட்டால் மனக்கசப்பில்லாமல் திரும்பிவிட வேண்டும் என்று மார்க்கம் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரியும். அவரைப்போல ஒபிஸிலும் அதைக் கடைப்பிடித்தவரை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் தலை வைத்து உறங்கிவிட்டேன். கொழும்புக்காரர் எடுத்திருக்கிறார். நான் எழும்பும்போது அவர் வேறு ஆளிடம் சரக்கு எடுத்து முடிந்துவிட்டது. எனக்குச் சரியான கோபம்.

"என்ன மிஸ், கதவத் தொறந்து ஒரு தட்டுத் தட்டி எழுப்ப ஏலாதா?"

"மூண்டு தரம் ஸலாம் சொன்னன் நாநா. பதில் வரல்ல. வந்திட்டன்."

"அது ஊடுவாசலுக்குத்தானே மிஸ். ஒபிஸுக்குமா?"

"உள்ளுக்கு ஒரு மனுசன் இருந்தா அது வீடுதானே நாநா" என்றார். அன்றிலிருந்து சாப்பிட்டபின் பால் போடாத பிளேன்டியாகக் குடித்து முழித்திருக்கப் பழகிக்கொண்டேன்.

மூடின கதவில் அவருக்கு ஆசை என்றும் நினைத்துவிடக் கூடாது. எந்த அறைக்காவது ஒரு பெண் தனியாக அலுவலுக்கு வந்தால், மிஸ் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது குப்பைக் கூடையைக் கதவிடுக்கில் வைத்துவிடுவார். கதவு பாதி திறந்தபடி நிற்கும். பேசுவது வெளியே கேட்காது, ஆனால் ஆள் தெரியும். லோயர் ஒருநாள் கூடையை உதைத்துவிட்டு, "இதென்ன மிஸ், கட்சிக்காரரோட நான் ரகசியம் கதைக்கிறதில்லையா?" என்று சத்தம் போட்டார். மிஸ் சிரித்துக்கொண்டே கூடையை நிமிர்த்தி அதே இடத்தில் வைத்தார்.

பழைய முதலாளி மௌத்தானார். மகன் டுபாயிலிருந்து வந்து கட்டடத்தை எடுத்தார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் துடிப்பு. ஒரு நோன்பு முடிந்து பெருநாள் கழிவதற்குள் அறைச் சுவரெல்லாம் இடித்துவிட்டார். மாடி முழுவதும் ஒரே மண்டபம். நீட்டு மேசைகள், சக்கரம் வைத்த கதிரைகள், சட்டியில் செடிகள், காற்றைப் போல ஓடுகிற இன்டர்நெட். இனி இது கோவர்க்கிங் ஸ்பேஸ் என்றார். வருஷ ஒப்பந்தம் இல்லை. மாதத்துக்கும் வரலாம், ஒரு நாளைக்கும் வரலாம். கதவும் இல்லை, பலகையும் இல்லை, எனக்கென்று ஒரு கதிரைகூட இல்லை. காலையில் வந்தவுடன் எது காலியோ அது. படித்தலைப்பில் மிஸ்ஸும் அவருடைய மேசையும் மட்டும் மிஞ்சினார்கள், ஆனால் அதில் டெலிபோன் இல்லை, அவரவர் போன் அவரவர் கையில். லோயர் அன்றே வேறு இடம் போய்விட்டார். செலவு குறைவென்று நான் இருந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் நன்மையும் கிடைத்தது. அறையில் இருந்த காலம் முழுவதும் பக்கத்து அறைக்காரரின் முகமே எனக்குச் சரியாகத் தெரியாது. மண்டபத்துக்கு வந்த முதல் கிழமையே பக்கத்துக் கதிரையில் இருந்த கல்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கத் தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினான்.

"நாநா, உங்கட பேக்குக்குள்ள என்ன, கட்டாவா?"

"ஓம் தம்பி. மணக்குதா? கீழ வைக்கட்டா?"

"வேணாம், எங்கட வீட்டு மணந்தானே. காட்டுங்கோ." எடுத்துப் பார்த்தான். "மீன் நல்லம். பார்சலைப் பாத்தாத்தான் பாவமா இருக்கு."

அவன் படம் வரைகிற வேலை செய்கிறவன். களப்பும் ஒரு வள்ளமும் போட்டு ஒரு லேபல் செய்து தந்தான். அந்த லேபலோடு போகிற கருவாடு இன்றைக்கும் கொழும்புக் கடைகளில் நிற்கிறது. அறையாக இருந்திருந்தால் அந்த மணம் அவனுக்குப் போயிருக்காது. அல்லாஹ் யார் மூலம் எதைத் தருகிறான் என்று எங்களுக்குத் தெரியாது.

இன்னொரு நாள் வீட்டிலிருந்து மனைவி எடுத்தாள். நான் எங்கேயோ விரலை வைத்து அழுத்த, போன் மண்டபத்துக்கே பேசத் தொடங்கிவிட்டது. "டொக்டர் தந்த பேதி மருந்து இன்னும் அலுமாரிலதான் இரிக்கி! குடிக்காம ஓடிட்டீங்க! சின்னப் புள்ளயா நீங்க?" அணைக்கத் தெரியாமல் நான் தடுமாற, மண்டபத்தில் அத்தனை தலையும் மேசையில் கவிழ்ந்து குலுங்கின. மிஸ் மட்டும் எழும்பி வந்தார், மூலையில் நின்ற ஸ்டாண்ட் ஃபேனை என் பக்கம் தள்ளி, முழு வேகத்தில் போட்டுவிட்டுப் போனார். அந்த இரைச்சலில் மனைவி சொன்ன மீதி எனக்கே கேட்கவில்லை. அதன்பிறகு யாராவது போனில் குரலைத் தாழ்த்தினால் போதும், ஃபேன் அவரிடம் போய்விடும். வங்கியிடம் கெஞ்சுகிறவர், கலியாணம் பேசுகிறவர், உம்மாவின் நோயை விசாரிக்கிறவர், எல்லோருக்கும் அந்த ஃபேன்தான் அறை.

ஸலாமையும் அவர் விடவில்லை. இல்லாத கதவுகளுக்கு முன்னால் நின்றார். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கை தூரத்தில் நின்று, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, மெதுவாக ஸலாம் சொல்வார். முஸ்லிம் அல்லாதவர் என்றால் மேசை ஓரத்தில் விரலால் ஒரு தட்டு. பிள்ளைகள் காதில் ஹெட்செட் போட்டிருப்பார்கள், ஒன்றும் கேட்காது. மூன்று தடவை ஆனதும் தேத்தண்ணியோடு திரும்பிவிடுவார். லேபல் தம்பி ஒருநாள் மாலையாகும் வரை தேத்தண்ணி கிடைக்காமல் இருந்துவிட்டு, "மிஸ், என்னில ஏதும் கோபமா?" என்று கேட்டான். "இல்ல மகன். உங்கட வாசலுக்குப் பல தரம் வந்தன். நீங்க திறக்கல்ல" என்றார். அவன் மறுநாளிலிருந்து ஒரு காதை வெறுமையாக விட்டுவிட்டு வேலை செய்தான்.

முதலாளியின் மகனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் எதிர்பார்த்தது வேறு. மிஸ் சிரித்த முகத்தோடு சுற்றிவந்து, இவரை அவருக்கு அறிமுகப்படுத்தி, ஆட்களைக் கலகலப்பாக வைத்திருக்க வேண்டும்.

"மிஸ், இங்க ஆக்கள் ஒருத்தரோட ஒருத்தர் பழகணும். அதுக்குத்தான் நான் சுவர உடைச்சன். நீங்க மேசைக்கு மேசை மதில் கட்டுறீங்க."

"பழகட்டும் தம்பி. கேட்டுக்கொண்டு பழகட்டும்" என்றார் மிஸ்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. ஒருநாள் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் மக்கர். எல்லோரும் ஜன்னலோரம் நின்று களப்புக் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். அப்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவர் சிறுமியாக வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். புத்தளத்துப் பக்கம் முகாமில், தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்திருக்கிறார். "எங்களுக்குச் சாக்குத்தான் கதவு நாநா. ஆர் வேணுமெண்டாலும் தூக்கிப் பாத்திட்டுப் போகலாம். எங்கட உம்மா அந்தச் சாக்குக்கு வெளிய நிண்டு ஸலாம் சொல்லி, நாங்க பதில் சொன்னாத்தான் உள்ள வருவாங்க. பெத்த உம்மா. அப்ப எங்களுக்குச் சிரிப்பு வரும்." அவ்வளவுதான் சொன்னார். யாரோ ஜெனரேட்டரைத் திருத்தி, லைட் வந்துவிட்டது.

இப்போது அவர் வடக்கில், வாப்பாவின் காணியில் கட்டின வீட்டில் இருக்கிறாராம். எங்கள் மண்டபத்து வாசலில் கார்டை வைத்தால் திறக்கிற மெசின் ஒன்று நிற்கிறது. அது நன்றாக வேலை செய்கிறது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது, மிஸ் இருந்த காலத்தில் நடந்த ஒரு பகல், லுஹர் தொழுகை நேரத்தைப் பற்றி.

நுரைச்சோலையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பிள்ளை இருந்தாள். அபாயா போட்டு, தலை குனிந்து வந்து, எனக்கு எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் இருப்பாள். புருஷன் கட்டாரில். குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு வந்து வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பாள். வீட்டில் இன்டர்நெட் நின்று நின்று வருமாம். அவளைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள். அன்று பகல் கம்பனிப் பெரியவர்கள் கம்பியூட்டரில் முகம் பார்த்துப் பேசி, வைத்துக்கொள்வதா இல்லையா என்று முடிவு சொல்ல இருந்தார்கள். காலையில் வந்ததும் மிஸ்ஸிடம் போய், "துஆ செய்ங்க மிஸ். இது கெடச்சா அவர ஊருக்குக் கூப்பிட்டுருவன். புள்ள வாப்பாவ போன்ல மட்டுந்தான் பாத்திரிக்கி" என்றாள். எனக்கும் கேட்டது. நானும் மனதுக்குள் துஆச் செய்தேன்.

அவள் பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, சந்தனக் கலர் சால்வை. அவளுடைய மாமனார். ஊரில் பெரிய மனிதர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர். மருமகள் ஒபிஸில் வேலை என்றதும் கதவு, பலகை, உள்ளே தனி மேசை என்று எங்கள் பழைய மாடியைப் போல ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்திருக்கிறார். யாரோ வேறு மாதிரிச் சொல்லிவிட்டார்கள்.

படியின் தலைப்பில் நின்று பார்த்தார். பழைய காலமென்றால் மிஸ் பதவிசாக, "மீட்டிங் நடக்குது, இருங்க" என்றிருப்பார், மூடின கதவு மீதியைப் பார்த்துக்கொள்ளும். இப்போது மருமகள் நேரே தெரிகிறாள். ஒரே நீட்டு மேசை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் லேபல் தம்பி, தள்ளி இன்னும் சில ஆண்கள்.

"இதா ஒபிஸ்?" என்றார். முகம் சிவந்துவிட்டது. அவளைக் கையோடு கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. விறுவிறு என்று நடந்தார்.

மிஸ் அவரை மறிக்கவில்லை. பக்கத்தில் கூடவே நடந்தார். மேசைக்கு ஒரு கை தூரம் வந்ததும் மிஸ் நின்றார்.

"ஹாஜியார், இது அவட இடம். ஸலாம் சொல்லிக் கேட்டுட்டுப் போங்க."

"எங்க வாசல்? கதவும் இல்ல, நெலையும் இல்ல. சந்த மாதிரி இரிக்கி!"

"நீங்க நிக்கிற இடந்தான் வாசல், ஹாஜியார்."

வேறு எந்த நியாயத்தைச் சொல்லியிருந்தாலும் அவர் ஒரு கையால் தள்ளிவிட்டிருப்பார். இது அவர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு. எப்படித் தள்ளுவார்? நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பழக்கதோஷத்தில் மண்டபத்திலிருந்த நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து பதில் சொல்லிவிட்டோம்.

"உங்களுக்கில்ல!" என்றார் கடுப்பாக. லேபல் தம்பி கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்தப் பிள்ளை கம்பியூட்டரில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. இரண்டாவது ஸலாம் கொஞ்சம் சத்தமாக வந்தது. இந்த முறை நாங்கள் எல்லோரும் பதிலை மனதுக்குள் சொன்னோம். அவள் நிமிரவில்லை.

மூன்றாவது ஸலாமில் சத்தம் இல்லை, தளர்ச்சிதான் இருந்தது. எதிரில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்தது: கம்பனிக்காரருக்குக் குரல் போகாமல் அவள் விரல் ஒரு பொத்தானை அழுத்தியது. உதடு அசைந்தது. ஸலாமுக்குப் பதில் கடமையல்லவா, அதைக் கொடுத்தாள். ஆனால் அவருக்குக் கேட்கிற மாதிரி இல்லை. கண் நிறைந்திருந்தது. மறுபடி பொத்தானை அழுத்தி, கம்பனிக்காரரிடம் சிரித்த குரலில் பேசத் தொடங்கினாள்.

ஒரு எட்டு வைத்தால் அவர் அவளுடைய கதிரையைத் தொட்டிருக்கலாம். தடுக்க அங்கே ஒரு மரப்பலகைகூட இல்லை. நாங்கள் யாரும் எழும்பியிருக்க மாட்டோம், அதையும் சொல்ல வேண்டும். அவர் தரையைப் பார்த்தார். சால்வையைத் தோளில் சரிசெய்தார். திரும்பி நடந்தார்.

படியில் கால் வைக்கும்போது மிஸ் ஒரு கதிரையோடு போய் நின்றார். "திரும்பத்தான் சொல்லியிருக்கு ஹாஜியார், நுரைச்சோலை வரைக்கும் போகச் சொல்லல்ல. இருங்க, தேத்தண்ணி தாறன்."

அவருக்குச் சிரிப்பு வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. கதிரையில் இருந்தார். "மூடின ரூம் ஒண்டு குடுக்க ஏலாதா அவக்கு?" என்று கேட்டார்.

"ரூமெண்டா நீங்க இப்ப கதவப் பாத்துக்கொண்டிருப்பீங்க. உள்ள ஆர், என்ன எண்டு ஒண்டும் தெரியாது. இப்ப அவ வேல செய்யிறதக் கண்ணால பாக்கிறீங்க."

அவர் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். மண்டபத்தில் ஒருவரும் ஒருவரையும் பார்க்காமல் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தார். கையில் இருந்த தேத்தண்ணி ஆறிவிட்டது.

அவள் ஹெட்செட்டைக் கழற்றி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள். பிறகு எழும்பி, அவரிடம் போகிற வழியெல்லாம் ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டே போனாள். கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மாமா."

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அசையாமல் நின்றாள்.

"வஅலைக்கும் ஸலாம்" என்றார். "என்ன சொன்னானுகள்?"

"வச்சிக்கொள்றாங்களாம் மாமா. நிரந்தரமா." மூச்செடுத்தாள். "இனி அவரக் கூப்பிடலாம்."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். அதற்குள் அவருடைய முகம் ஒரு வாப்பாவின் முகமாகிவிட்டது.

"கூப்பிடு" என்றார்.

மண்டபம் முழுவதற்கும் கேட்டது. மிஸ்ஸுக்குத்தான் கேட்கவில்லை. அவர் பின்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய், "மிஸ், ஹாஜியார் என்ன சொன்னாரு தெரியுமா?" என்றேன்.

ஈரக் கையைத் தூக்கினார். "வேணாம் நாநா. சொல்ல வேணுமெண்டா அந்தப் புள்ள வந்து சொல்லும்."

மாமனார் படியிறங்கி லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனார். அந்தப் பிள்ளை வந்து குழாயடிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். மிஸ் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.